தொங்கவிடப்பட்ட பெண்கள்: யூதர்களின் 'அகுனா' எமக்குச் சொல்லும் பாடம்

ஒலுவில் துறைமுகத்தின் கதையை அம்பாறைக் கரையோரத்தில் அறியாதவர்கள் இல்லை. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் கனவாகத் தொடங்கி, 2008 இல் நிர்மாணப் பணிகள் ஆரம்பிக்கப்பட்டு, டென்மார்க்கின் கடனுதவியுடன் 2013 செப்டம்பரில் திறந்து வைக்கப்பட்ட துறைமுகம் அது. கல்லணை இருக்கிறது, கட்டடங்கள் இருக்கின்றன. ஆனால் வாயிலை மணல் வந்து மூடிவிடுகிறது. மணலை அகற்றினால் மீன்பிடிப் படகுகள் போய்வரும். அகற்றாவிட்டால் உள்ளே இருப்பவை உள்ளேயே முடங்கிக் கிடக்கும்.

அந்தத் துறைமுக வீதியில் ஒரு மாலைப் பொழுதில் என் வகுப்பு மாணவி ஒருத்தியின் உம்மாவைச் சந்தித்தேன். பாடசாலைக் கூட்டங்களுக்கு அவர் தவறாமல் வருவார். படிவங்களில் தந்தையின் ஒப்பம் கேட்டால் மட்டும் தடுமாறுவார். அன்று தானாகவே பேச்சைத் தொடங்கினார். கணவர் பிரிந்து நான்கு வருடங்கள். வேறு ஊரில் வேறு குடும்பம். பிள்ளைகளுக்குத் தாபரிப்பு இல்லை. காதி நீதிமன்றத்தில் வழக்கு தவணை தவணையாகப் போகிறது.

"தலாக்கும் சொல்றாரில்ல, வந்து பாக்கிறதும் இல்ல டீச்சர். நான் என்ன கணக்குல இரிக்கன் எண்டு எனக்கே வெளங்குதில்ல" என்றார்.

மனைவியும் இல்லை, விடுதலை பெற்றவரும் இல்லை. இந்த நிலைக்கு யூத மதத்தில் ஒரு பெயர் இருக்கிறது: 'அகுனா'. கட்டிப்போடப்பட்டவள், நங்கூரமிடப்பட்டவள் என்பது அதன் பொருள். பல நூற்றாண்டுகளாக யூத அறிஞர்களை அலைக்கழித்து வரும் பிரச்சினை இது. அதன் வரலாற்றை நாம் ஒருமுறை நிதானமாகப் படித்தால், முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் பற்றி எமக்குள் நடக்கும் வாதப் பிரதிவாதங்களில் எங்கே தவறுகிறோம் என்பது விளங்கும்.

யூதர்களைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

காஸாவின் குழந்தைகளை நாளாந்தம் திரையில் பார்த்து அழுத ஒரு சமூகத்திடம் யூதர்களின் குடும்பச் சட்டத்தைப் பற்றிப் பேசுவது பலருக்கு உவப்பாக இராது. எனக்கும் அந்த வலி உண்டு. ஆனால் இஸ்ரேல் என்ற அரசு வேறு, மூஸா (அலை) அவர்களின் வழி வந்ததாகத் தம்மைச் சொல்லும் ஒரு சமயத்தவரின் நீண்ட சட்ட மரபு வேறு. அல்குர்ஆன் அவர்களை வேதம் கொடுக்கப்பட்டோர் என்றே அழைக்கிறது. ஒரு சமூகத்தின் மீதுள்ள வெறுப்பு எம்மை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடக் கூடாது என்று சூரத்துல் மாயிதாவின் எட்டாவது வசனம் கட்டளையிடுகிறது. அவர்கள் சறுக்கிய இடத்தையும் எழுந்து நின்ற இடத்தையும் நேர்மையாகப் பார்ப்பது அந்த நீதியில் ஒரு பகுதிதான்.

இன்னொரு காரணமும் உண்டு. உலகில் குடும்பச் சட்டத்தை மார்க்க அறிஞர்களின் மன்றங்களில் வைத்துத் தீர்க்கும் சமயங்களில் எம்மோடு மிக நெருங்கி நிற்பது யூத மதமே. எமக்கு நிகாஹ், மஹர், தலாக், காதி. அவர்களுக்குத் திருமண ஒப்பந்தமான 'கெத்துபா', விவாகரத்துப் பத்திரமான 'கெட்', ரப்பிமார் அமரும் 'பெத் தின்' நீதிமன்றம். கணவன் மனைவிக்கு உணவும் உடையும் இல்லறமும் தர வேண்டும் என்பது தவ்ராத்தின் அடிப்படையில் அவர்களுடைய சட்டத்திலும் கடமை.

கட்டிப்போடப்பட்டவள்

யூதச் சட்டத்தில் திருமணத்தை முடிக்கும் பத்திரமான 'கெட்'டைக் கணவனே எழுதுவித்து மனைவியின் கையில் கொடுக்க வேண்டும். அதை அவன் தன் சுய விருப்பத்தின் பேரில் கொடுத்திருக்க வேண்டும். வற்புறுத்திப் பெறப்பட்ட பத்திரம் செல்லாமல் போய்விடலாம். நீதிபதியே நேரடியாகத் திருமணத்தை முறித்துவிடும் அதிகாரம் நடைமுறையில் கிடையாது. ஆகவே கணவன் காணாமல் போனாலோ, பிடிவாதமாக மறுத்தாலோ பெண் அப்படியே நிற்க வேண்டியதுதான்.

அவள் வேறொருவரோடு வாழத் தொடங்கினால் பிறக்கும் பிள்ளைக்கு 'மம்சேர்' என்ற முத்திரை விழும். அந்தப் பிள்ளையும் அதன் சந்ததியும் சாதாரண யூதக் குடும்பத்தில் மணம் முடிக்க முடியாது. மறுபுறம், மனைவி 'கெட்'டை ஏற்க மறுத்தால் கணவனுக்கு ஒரு வழி உண்டு. நூறு ரப்பிமாரின் அனுமதியைப் பெற்று அவன் மறுமணம் செய்துகொள்ளலாம். கணவன் மறுத்தால் மனைவிக்கு அப்படி ஒரு வழி இல்லை. சமனற்ற நிலையின் வேர் இதுதான். இதைப் பயன்படுத்தி, 'கெட்' வேண்டுமானால் வீட்டை எழுதித் தா, பிள்ளைகளை விட்டுத் தா, தாபரிப்பைக் கைவிடு என்று பேரம் பேசும் ஆண்கள் இன்றும் இருக்கிறார்கள். இதை வாசிக்கும் எம் சகோதரிகள் சிலருக்கு இந்தப் பேரம் பழக்கமானதாகவே இருக்கும்.

முஸ்லிம் நீதிமன்றத்தின் நிழலில் வந்த மாற்றம்

இந்த வரலாற்றில் எமக்குப் பெருமை தரும் ஒரு கட்டம் உண்டு. ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இன்றைய ஈராக் முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்துவிட்ட காலத்தில், அங்கிருந்த யூதக் கல்விக்கூடங்களின் தலைவர்கள் ஒரு தீர்மானம் எடுத்தார்கள். கணவனோடு வாழ விரும்பாத பெண்ணைக் காத்திருக்க வைக்காமல் கணவனை விவாகரத்துக் கொடுக்கச் செய்ய வேண்டும் என்பதே அது. அதற்கான காரணத்தைப் பிற்கால யூத அறிஞர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். தம் பெண்கள் பிற சமயத்தாரின் துணையோடு விவாகரத்தைப் பெறப் போய்விடுகிறார்கள் என்ற கவலைதான் அது.

கெய்ரோவின் பழைய நகரான ஃபுஸ்தாத்தில் பென் எஸ்ரா தொழுகையிடத்தில் கண்டெடுக்கப்பட்ட 'கெனிஸா' ஆவணங்களும் இதை உறுதிப்படுத்துகின்றன. அவற்றை ஆராய்ந்த கோய்டைன் என்ற வரலாற்றாசிரியர், யூதர்கள் தம் தேவைகளுக்காக முஸ்லிம் காதிகளிடம் சென்றதைக் காட்டியிருக்கிறார். ஒரு காலத்தில் நீதி தேடி வந்த பெண்களுக்கு எமது காதியின் வாசல் அடைக்கலமாக இருந்தது. அந்த வாசலின் ஈர்ப்பு யூத அறிஞர்களைத் தம் சட்டத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது.

அதே ஃபுஸ்தாத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர்தான் மூஸா பின் மைமூன் என அரபியில் அறியப்படும் மைமோனிடிஸ். ஸலாஹுத்தீன் ஐயூபியின் ஆட்சிக் காலத்தில் அரண்மனை வட்டாரத்துக்கு மருத்துவம் செய்தவர், யூதச் சட்டத்தின் பேரறிஞர். கணவன் தனக்கு அருவருப்பாக இருக்கிறான் என்று ஒரு பெண் சொன்னால் அவளுக்கு விவாகரத்துப் பெற்றுக் கொடுக்க வேண்டும், வெறுப்பவனோடு வாழ அவள் போரில் பிடிபட்ட கைதி அல்ல என்பது அவருடைய தீர்ப்பு.

ஆனால் அந்தத் தீர்ப்பு நிலைக்கவில்லை. பிரான்ஸில் வாழ்ந்த ரப்பேனு தாம் போன்ற அறிஞர்கள் இத்தகைய வற்புறுத்தலை எதிர்த்திருந்தார்கள். வற்புறுத்திய விவாகரத்து செல்லாது, செல்லாவிட்டால் அடுத்த திருமணம் விபசாரமாகிவிடும் என்ற பேணுதல் மேலோங்கியது. பேணுதல் என்ற பெயரில் இறுக்கப்பட்ட அந்தக் கதவு இன்றுவரை முழுமையாகத் திறக்கவில்லை.

ஐரோப்பிய யூதர்கள் எல்லாவற்றையும் இறுக்கினார்கள் என்றும் சொல்ல முடியாது. 1000 ஆம் ஆண்டை ஒட்டி ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் வாழ்ந்த ரப்பேனு கெர்ஷோமின் பெயரால் இரண்டு தடைகள் வந்தன. ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை மணப்பது தடுக்கப்பட்டது. மனைவியின் சம்மதம் இன்றி விவாகரத்துச் செய்வதும் தடுக்கப்பட்டது. மார்க்கச் சட்டம் அசையவே அசையாது என்று சொல்லும் சமூகங்கள்கூடத் தேவை வந்தபோது உள்ளிருந்தே வழி கண்டிருக்கின்றன.

உள்ளே தீராதது வெளியே போனது

நவீன காலத்தில் என்ன நடந்தது என்பதே எமக்கு மிக முக்கியமான பகுதி.

உஸ்மானிய ஆட்சியிலிருந்து வந்த ஒழுங்கைத் தொடர்ந்து, இஸ்ரேலில் யூதர்களின் திருமணமும் விவாகரத்தும் 1953 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ரப்பிமார் நீதிமன்றங்களிடம் மட்டுமே ஒப்படைக்கப்பட்டன. பிடிவாதக் கணவர்களை அந்த நீதிமன்றங்களால் அசைக்க முடியாமல் போனபோது, 1995 இல் பாராளுமன்றம் தலையிட்டது. 'கெட்' கொடுக்க மறுப்பவரின் கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், வங்கிக் கணக்கு ஆகியவற்றை முடக்கவும் அவரைச் சிறையில் வைக்கவும் சட்டம் வந்தது. அதற்கு முன்பும் சிறைத் தண்டனை இருந்தது. ஒருவர் 'கெட்' கொடுக்க மறுத்து 32 ஆண்டுகள் சிறையில் இருந்து, 1994 இல் அங்கேயே இறந்து போனார். சிறைக் கதவைத் திறக்கும் சாவி அவருடைய கையிலேயே இருந்தது. அவர் திறக்கவில்லை. அவருடைய மனைவியின் வாழ்நாளும் அவரோடு சேர்ந்து பூட்டப்பட்டுக் கிடந்தது.

அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலம் 1983 இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தன் துணை மறுமணம் செய்யத் தடையாக உள்ளவற்றை நீக்காமல் ஒருவர் அரச நீதிமன்றத்தில் விவாகரத்தைப் பெற முடியாது என்றது அது. இங்கிலாந்திலும் 2002 இல் இதே நோக்கத்தோடு ஒரு சட்டம் நிறைவேறியது. அதாவது, சமயத் தலைமை தீர்க்காத பிரச்சினையை அரசுகள் கையில் எடுத்தன.

இதற்கிடையே உள்ளிருந்தும் சிலர் முயன்றார்கள். 1990களில் அமெரிக்க மரபுவழி யூதர்களின் பெத் தின் ஒன்று திருமணத்துக்கு முந்திய ஒப்பந்தம் ஒன்றை அறிமுகப்படுத்தியது. கணவன் பிரிந்து சென்று 'கெட்' தர மறுத்தால், மறுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் குறிப்பிட்ட தொகையை மனைவிக்குத் தாபரிப்பாகச் செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். மார்க்கச் சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆனால் பிடிவாதத்துக்கு விலை வைக்கப்பட்டது. இஸ்ரேலில் அதே காலப்பகுதியில் பெண்கள் யூதச் சட்டம் பயின்று, ரப்பிமார் நீதிமன்றங்களில் பெண்களுக்காக வாதாடும் 'தோவெனெத்' ஆக அமர்ந்தார்கள்.

இந்த மாற்றங்களின் பின்னால் இருந்தது கல்வி. 1917 இல் போலந்தின் கிராக்கோவ் நகரில் சாரா ஷெனிரர் என்ற தையற்காரப் பெண் ஒருவர் யூதச் சிறுமிகளுக்காக ஒரு சிறு பாடசாலையைத் தொடங்கினார். பெண்களுக்கு வேதம் முறையாகக் கற்பிப்பது அன்று பலரால் ஏற்கப்படாத காரியம். அவர் ரப்பிமாரை எதிர்த்து நிற்கவில்லை, அவர்களின் ஆதரவைத் தேடிப் பெற்றார். பிறகு ஆசிரியைகளைப் பயிற்றுவிக்கும் கலாசாலையும் தோன்றியது. 'பெய்ஸ் யாகோவ்' என்ற அந்தப் பாடசாலைகள் இன்று உலகெங்கும் இருக்கின்றன. ஆசிரியர் கலாசாலையில் பயின்று வந்தவள் என்ற வகையில் இந்தக் கதை என்னை நெகிழ வைத்தது. எமது அறிஞர் சித்திலெப்பையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே எதிர்ப்புக்கு முகம் கொடுத்தே பெண் கல்விக்காகக் குரல் கொடுத்தார்.

எமது கதவு அகலமானது

இப்போது எம் பக்கம் வருவோம். 'அகுனா' என்ற சொல்லுக்கு நேரான சொல் அல்குர்ஆனிலேயே இருக்கிறது. சூரத்துன் நிஸாவின் 129 ஆவது வசனம், ஒரு மனைவியை 'முஅல்லகா'வாக, அதாவது அந்தரத்தில் தொங்குபவளாக விட்டுவிடுவதைக் கண்டிக்கிறது.

கவ்லா பின்த் ஸஃலபா (ரழி) அவர்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுக்கிறோம். 'ளிஹார்' என்ற ஜாஹிலிய்யா வழக்கப்படி, நீ எனக்குத் தாயைப் போல் என்று கணவர் சொல்லிவிட்டார். அந்த வார்த்தையோடு அவர் மனைவியாகவும் இல்லை, விடுபட்டவராகவும் இல்லை. அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து வாதிட்டார். அல்லாஹ்விடம் முறையிட்டார். சூரத்துல் முஜாதலாவின் ஆரம்ப வசனங்கள் இறங்கின. தொங்கவிடப்பட்ட ஒரு பெண்ணின் முறைப்பாட்டுக்கு வானத்திலிருந்து பதில் வந்த மார்க்கம் எமது மார்க்கம்.

மனைவியை நெருங்குவதில்லை என்று சத்தியம் செய்தவருக்கு அல்குர்ஆன் நான்கு மாதக் காலக்கெடு விதிக்கிறது. அதற்குள் மீள வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். ஸாபித் பின் கைஸ் (ரழி) அவர்களின் மனைவி, கணவரின் மார்க்கத்திலோ குணத்திலோ குறை சொல்லவில்லை. சேர்ந்து வாழ முடியாது என்றார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நபி (ஸல்) அவர்கள் அவருக்கு விடுதலை பெற்றுக் கொடுத்தார்கள். குல்உ இருக்கிறது. கணவன் சம்மதிக்காவிட்டாலும் காதியே திருமணத்தை ரத்துச் செய்யும் பஸ்ஹ் இருக்கிறது. ரப்பிமாருக்கு இல்லாத அதிகாரம் எமது காதிக்கு உண்டு.

அப்படியானால் அந்த உம்மா ஏன் நான்கு வருடங்களாக 'என்ன கணக்கில்' என்று தெரியாமல் இருக்கிறார்?

வாயிலை மூடிய மணல்

பதில் 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்திலும் அது நடைமுறையாகும் விதத்திலும் இருக்கிறது. தலாக் கொடுக்க விரும்பும் கணவன் காதிக்கு அறிவித்து, இணக்க முயற்சிக்கும் காலம் கழிந்த பின் அதைப் பதிந்துகொள்ளலாம். காரணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. பஸ்ஹ் கோரும் மனைவியோ குற்றத்தைச் சாட்சிகளோடு நிரூபிக்க வேண்டும். விசாரணையில் காதியோடு மூவர் அமர வேண்டும். கணவன் தவணைக்கு வராமல் இழுத்தால் அவளும் இழுபட வேண்டும்.

12 ஆம் பிரிவின்படி காதியாக நியமிக்கப்படக் கூடியவர் முஸ்லிம் ஆண் மட்டுமே. சட்டத்தரணிகள் காதி நீதிமன்றத்தில் ஆஜராக முடியாது. ஏழைப் பெண்ணுக்குச் சட்டத்தரணிக் கட்டணம் இல்லை என்பது இதில் உள்ள நன்மை. ஆனால் ஆண்கள் நிறைந்த அறையில் தன் இல்லறத்தின் அந்தரங்கத்தைத் தனியே நின்று சொல்ல வேண்டியவளும் அவள்தான். தீர்ப்பில் திருப்தி இல்லாவிட்டால் மேன்முறையீடு கொழும்பிலுள்ள காதிகள் சபைக்குப் போக வேண்டும். கல்முனையிலிருந்து அது ஓர் இரவுப் பஸ் பயணம், ஒரு நாள் கூலி இழப்பு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள்.

நல்ல காதிமார் இல்லை என்று நான் சொல்லவில்லை. குறைந்த கொடுப்பனவில், ஒழுங்கான அலுவலகமோ எழுதுவினைஞரோ இல்லாமல், அல்லாஹ்வுக்குப் பயந்து கடமை செய்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு பெண்ணின் நீதி அவள் ஊருக்கு வாய்த்த காதியின் நற்குணத்தில் தங்கியிருப்பதுதான் பிரச்சினை.

எமது கரையோரத்துப் பெண்ணுக்கு ஒரு பலம் உண்டு. குடி வழிமுறை நிலவும் எமது ஊர்களில் வீடு பெண்ணுக்கே எழுதப்படுகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கே குடிவருகிறார். ஆகவே கணவன் போனாலும் அவள் தெருவுக்கு வருவதில்லை. அந்த வீட்டைக் கட்டுவதற்காக உம்மாமார் மத்திய கிழக்கில் பணிப்பெண்ணாக உழைத்ததையும் நாம் அறிவோம். ஆனால் கூரை இருப்பதால் அவளுக்கு அவசரம் இல்லை என்று சமூகம் நினைத்துவிடுகிறது. "வீடு வாசல் இரிக்கிதானே, பொறுமையா இருங்க புள்ள" என்று சொல்லி அனுப்பிவிடுவது சுலபமாகிவிடுகிறது.

பெண் காதி: யார் முந்தினார்கள்?

பலருக்கும் தெரியாத ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். யூதர்களின் வேதத்தில் தெபோரா என்ற பெண் நீதிபதியாக இருந்து மக்களுக்குத் தீர்ப்பளித்ததாக வருகிறது. ஆனால் இஸ்ரேலின் ரப்பிமார் நீதிமன்றங்களில் பெண் நீதிபதி கிடையாது. அதே நாட்டில் வாழும் முஸ்லிம்களின் ஷரீஆ நீதிமன்றத்தில் 2017 இல் ஹனா கதீப் என்ற பெண் காதியாக நியமிக்கப்பட்டார். அதற்கும் முன்பு, 2009 இல், ஆக்கிரமிப்பின் கீழிருக்கும் பலஸ்தீனின் ரமல்லாவில் குலூத் அல்-ஃபகீஹ் ஷரீஆ நீதிபதியானார். அவ்வளவு நெருக்கடிக்குள்ளும் பலஸ்தீன முஸ்லிம்கள் இந்தக் கேள்வியைத் தள்ளிப் போடவில்லை.

எமது ஷாபிஈ மத்ஹபில் பெண் காதியாக முடியாது என்று உலமாக்கள் சொல்வது அடிப்படை இல்லாத பேச்சல்ல. பெரும்பான்மை இமாம்களின் கருத்து அதுவே. ஆனால் குற்றவியல் தண்டனைகள் தவிர்ந்த வழக்குகளில் பெண் தீர்ப்பளிக்கலாம் என்பது ஹனபி மத்ஹபின் நிலைப்பாடு. எம்மைப் போலவே ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் இந்தோனேசியாவின் சமய நீதிமன்றங்களில் பல பத்தாண்டுகளாகப் பெண் நீதிபதிகள் இருக்கிறார்கள். மலேசியாவிலும் 2010 இல் ஷரீஆ நீதிமன்றத்துக்குப் பெண் நீதிபதிகள் நியமிக்கப்பட்டார்கள். அங்கே மார்க்கம் அழிந்துவிடவில்லை.

எமது நாட்டில் 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகளின் பின் 2018 இல் அறிக்கை வந்தபோது குழுவே இரண்டாகப் பிரிந்திருந்தது. பெண் காதி அந்தப் பிளவின் முக்கிய காரணங்களில் ஒன்று. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின் சூழல் மாறியது. 'ஒரே நாடு ஒரே சட்டம்' என்ற கோஷம் எழுந்தது. 2021 இல் காதி முறைமையையே நீக்கும் யோசனை அமைச்சரவை வரை போனது.

அச்சம் நியாயமானது, தாமதம் நியாயமானதா?

சட்டத்தைத் தொட்டால் முழுவதையும் இழந்துவிடுவோம் என்று எம்மவர்கள் அஞ்சுகிறார்கள். ஜனாஸாக்களைப் பலவந்தமாக எரித்த ஒரு காலத்தைக் கடந்து வந்த சமூகத்துக்கு அந்த அச்சம் இருப்பதில் வியப்பில்லை. திருத்தம் கேட்கும் பெண்களை வெளிநாட்டு நிகழ்ச்சி நிரலின் கருவிகள் என்று சிலர் ஏசுவதும் இந்த அச்சத்திலிருந்துதான் வருகிறது.

ஆனால் யூதர்களின் வரலாறு இதற்கு நேர்மாறான பாடத்தையே சொல்கிறது. உள்ளே கதவைத் திறந்தபோது அவர்களுடைய மன்றங்கள் மதிப்போடு நிலைத்தன. ஏழாம் நூற்றாண்டில் அவர்களின் அறிஞர்கள் வழி செய்தது தம் பெண்கள் வேறு வாசலுக்குப் போய்விடாமல் இருக்கத்தான். கதவை இறுக்கியபோது பாராளுமன்றமும் அரச நீதிமன்றமும் உள்ளே வந்தன. தனியார் சட்டத்துக்கு மிகப் பெரிய ஆபத்து, அதற்குள் நீதி கிடைக்காத பெண்களின் எண்ணிக்கைதான். காதி நீதிமன்றத்தை ஒழிக்க வேண்டும் என்று சொல்பவர்களுக்கு நாம் கொடுக்கக் கூடிய வலுவான பதில், நான்கு வருடங்கள் காத்திருக்கும் ஒரு பெண்கூட எம்மிடம் இல்லை என்று காட்டுவதே.

சட்டம் திருத்தப்படும்வரை கைகட்டி இருக்க வேண்டியதும் இல்லை. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் நிகாஹ் முடிந்தவுடன் மணமகன் 'தஃலீக்' என்ற நிபந்தனையை வாசிப்பது வழக்கம். குறிப்பிட்ட காலம் மனைவியைக் கைவிட்டாலோ, செலவுக்குக் கொடுக்காவிட்டாலோ, துன்புறுத்தினாலோ, அவள் நீதிமன்றத்தில் முறையிட்டு நிரூபிக்கும்போது ஒரு தலாக் நிகழ்ந்துவிடும் என்பது அதன் பொருள். அமெரிக்க யூதர்கள் 1990களில் தேடிக் கண்டுபிடித்ததைப் போன்ற ஒரு வழி எமது மத்ஹபின் பிக்ஹ் நூல்களிலேயே இருக்கிறது. எமது நிகாஹ் மஜ்லிஸ்களில் இது ஏன் இல்லை? இதை ஆராய்ந்து எமது நாட்டுக்குப் பொருத்தமான ஒரு வாசகத்தைத் தயாரிக்க உலமாக்களும் முஸ்லிம் சட்டத்தரணிகளும் ஒன்றாக அமர வேண்டும். பாராளுமன்றத்தின் அனுமதிக்காக அந்தக் கூட்டம் காத்திருக்கத் தேவையில்லை.

ஒவ்வொரு ஊரிலும் மார்க்கமும் சட்டமும் தெரிந்த இரண்டு மூன்று பெண்களைப் பயிற்றுவித்து, காதியிடம் போகும் சகோதரிகளுக்கு விண்ணப்பம் எழுதவும் துணையாகச் செல்லவும் வைக்கலாம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே இஸ்லாமியக் கற்கைகள் பயின்று வெளியேறும் பெண் பட்டதாரிகள் வருடா வருடம் வருகிறார்கள். எமது ஊர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருக்கிறார்கள். பள்ளிவாசல் நிருவாகங்கள் அழைத்தால் வரமாட்டோம் என்று அவர்கள் சொல்லப் போவதில்லை.

அந்த மாணவி இப்போது சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகிறாள். நன்றாகப் படிக்கும் பிள்ளை. அண்மையில் இஸ்லாம் பாடத்தில் கவ்லா (ரழி) அவர்களின் வரலாறு வந்தபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பாடம் முடிந்ததும் என்னிடம் வந்து, "அவங்களுக்கு எத்தனை நாளையில பதில் கிடைச்சது டீச்சர்?" என்று கேட்டாள்.

துறைமுகத்தின் மணலை அகற்றும் பொறுப்பு யாருடையது என்று எமது அரசியல்வாதிகள் பல வருடங்களாக ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பிள்ளையின் கேள்வியையும் அப்படியே கைமாற்றிக்கொண்டிருக்க எமக்கு உரிமை இல்லை. கதவை அல்லாஹ் திறந்தே வைத்திருக்கிறான். அதன் முன் குவிந்த மணல் நாம் சேர விட்டது. அதை அள்ளிப் போட வேண்டியவர்களும் நாமே.